மனப்பாங்கு மாறும் வகை

சொல்லினாற் பிறர் மனத்தை மாற்றும் ஆற்றல் பண்டுதொட்டு அறிஞரால் ஆராயப்பட்டு வந்த பொருளாகும். கி. மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், பேச்சுக்கலை பற்றித் தாம் இயற்றிய நூலிலே, ஒருவரை இணங்கச் செய்வதற்குரிய வாயில்களை மூன்றாக வகுத்தார். பேசுவோனுடைய ஒழுக்கத்தால் விளையும் நம்பிக்கை, கேட்போர் உள்ளத்தில் எழுப்பப்படும் உணர்ச்சி, எடுத்துரைக்கப்படும் நியாயம் என்பன அவை. தமிழிலே திருவள்ளுவர், சொல்வன்மைக்குத் திருக்குறளின் 65ஆம் அதிகாரத்தையும், அவையறிதல், அவையஞ்சாமை என்பவற்றுக்கு முறையே 72ஆம், 73ஆம் அதிகாரங்களையும் வகுத்தமைத்தார். கேட்போரின் தரமறிந்து பேசவேண்டும் என்பதை இருவரும் உணர்ந்திருந்தனர். எனினும், பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் வேளையிலே கேட்போனுடைய மனம் என்ன செய்கின்றது என்னும் வினாவைப் பரிசோதனை வாயிலாக ஆராயும் முயற்சி இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் முறையாகத் தொடங்கிற்று. அவ்வாராய்ச்சிகளின் முடிபுகள் பல. தம்முள் முரண்படுவனவும் உள. ஆயினும் அவை யாவற்றையும் ஊடறுத்துச் செல்லும் உண்மை ஒன்றுண்டு. பிறர் சொல்லைக் கேட்ட ஒருவன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சொல்லே அவன் மனத்தைப் பெரிதும் மாற்றுகின்றது என்பதே அது.

ஈண்டு மனப்பாங்கு என்பது யாதென முதலில் வரையறுத்தல் நலம். ஒரு பொருளைப் பற்றியோ, ஒரு கூட்டத்தினரைப் பற்றியோ, ஒரு கொள்கையைப் பற்றியோ ஒருவன் கொண்டிருக்கும் நம்பிக்கையும், அதன்மீது அவனுக்குள்ள விருப்பு வெறுப்பும், அதற்கேற்ப நடப்பதற்கு அவன் ஆயத்தமாயிருக்கும் நிலையும் சேர்ந்ததே மனப்பாங்கு எனப்படும். ஆணைக்கு அஞ்சி ஒன்றைச் செய்பவனது மனப்பாங்கு மாறிவிட்டதெனக் கொள்ளல் இயலாது. பிரம்பு மறைந்ததும் அவன் பழைய நிலைக்கு மீள்வான். கட்டாயம் நீங்கிய பின்னும் நிலைத்து நிற்கும் மாற்றமே மனப்பாங்கு மாற்றமாகும். அதனை உண்டாக்கும் முயற்சியையே இணங்கவைத்தல் என்று கூறுவர்.

இத்துறையில் வழிகாட்டிய ஆராய்ச்சிகளுள் ஒன்று அடுக்களையைப் பற்றியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நல்லிறைச்சி போர்வீரருக்குத் தேவைப்பட்டது. எனவே, மாட்டின் இருதயம், சிறுநீரகம், சுரப்பி முதலிய உள்ளுறுப்புக்களை வீடுகளிற் சமைத்துண்ணும்படி மக்களைத் தூண்டவேண்டிய நிலை ஏற்பட்டது. சத்து மிகுந்தனவாயினும் அவற்றை அந்நாட்டு இல்லத்தரசியர் பலர் அருவருத்து ஒதுக்கி வந்தனர். ஜெர்மனியிலிருந்து 1933ஆம் ஆண்டு வெளியேறி அமெரிக்காவிற் குடியேறிய உளவியலறிஞர் கேர்ட் லெவின் என்பார் அப்பொழுது அயோவாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிக்கொண்டிருந்தார். உணவுப் பழக்கங்களை ஆராய்வதற்கு அமைக்கப்பட்ட குழுவொன்றின் பொருட்டு அவரும் அவருடைய மாணவரும் இச்சிக்கலை ஆராயத் தலைப்பட்டனர்.

செஞ்சிலுவைச் சங்கத்தில் வீட்டுத்தாதியர் பயிற்சி பெற்றுவந்த பெண்கள், 13 முதல் 17 பேர் வரை கொண்ட 6 குழுக்களாக இப்பரிசோதனையிற் பங்குபற்றினர். மூன்று குழுக்களுக்கு நல்லதொரு விரிவுரை நிகழ்த்தப்பட்டது. அவ்வுறுப்புக்களிலுள்ள உயிர்ச்சத்துக்களும் கனியுப்புக்களும் விளக்கப்படங்களோடு எடுத்துரைக்கப்பட்டன. நாட்டின் போர்முயற்சிக்கு அவை எங்ஙனம் உதவுமென்பதும் கூறப்பட்டது. மணமும் தோற்றமும் வெறுப்பூட்டாவண்ணம் சமைக்கும் முறைகள் அச்சிட்டு வழங்கப்பட்டன. மற்றை மூன்று குழுக்களுக்கும் விரிவுரை இல்லை. “உங்களைப் போன்ற இல்லத்தரசியரை இவ்வுணவை ஏற்கச் செய்தல் கூடுமா? தடையாக நிற்பன யாவை?” என்னும் வினா அவர் முன் வைக்கப்பட்டது. கணவன்மார் விரும்பமாட்டார், சமைக்கும்போது மணம் வீட்டை நிறைக்கும் என்றெல்லாம் அவர்களே தடைகளை எடுத்துக் கூறினர். அவர்கள் ஆர்வங்கொண்டு வினவிய பின்னரே, முன்னைய குழுக்களுக்கு வழங்கப்பட்ட அதே சமையற் குறிப்புக்கள் அவர்களுக்கும் வழங்கப்பட்டன. இறுதியில், வரும் வாரத்தில் இவற்றுளொன்றைச் சமைத்துப் பார்க்க விரும்புவோர் கையுயர்த்தும்படி கேட்கப்பட்டனர். இரு திறத்தார்க்கும் செலவான நேரம் 45 நிமிடமே. பின்னர் வீடுகளில் விசாரித்தபோது, விரிவுரை கேட்டோருள் நூற்றுக்கு 3 பேரும், கலந்துரையாடி முடிவு செய்தோருள் நூற்றுக்கு 32 பேரும், தாம் முன்னர் ஒருபோதும் சமைத்திராத உறுப்பொன்றைச் சமைத்திருந்தனர் என்பது தெரியவந்தது.

விரிவுரையாளரிடத்துக் குறையொன்றும் இருந்ததில்லை. அவர் கூறிய நியாயங்கள் உண்மையானவை. கூறிய முறையும் சிறந்ததே. ஆயினும் கேட்டுக்கொண்டிருந்த பெண்களது மனத்துள் எழுந்த தடைகள் சொல்லப்படாமலே எஞ்சின. அமைதியாக வீற்றிருக்கும் அவை இணங்கிவிட்ட அவையெனக் கொள்ளுதல் எத்துணைப் பெரிய மயக்கம் என்பதை இப்பரிசோதனை காட்டிற்று. கலந்துரையாடல் என்னும் வடிவமே இவ்விளைவைத் தந்ததென்று தொடக்கத்திற் பலர் எண்ணினர். ஆனால் 1955ஆம் ஆண்டு எடித் பெனெற் என்பார் மாணவரைக் கொண்டு அப்பரிசோதனையின் கூறுகளைத் தனித்தனியே பிரித்து ஆராய்ந்தார். பேசுதல் மாத்திரம் போதாது. ஒருவர் தாமே முடிவொன்றைச் செய்தலும், தம் தோழரும் அம்முடிவுக்கு வந்துள்ளனர் என உணர்தலுமே வலிமையுடையன என்பது அவர் கண்ட முடிபு.

இதே காலப்பகுதியில், யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கார்ல் ஹொவ்லண்டு என்பார் அமெரிக்கப் படைத்துறைக்காக வேறொரு வினாவை ஆராய்ந்தார். 1945ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியின் தோல்வி அணித்தாயிற்று. யப்பானுடன் செய்யும் போரும் விரைவில் முடிந்துவிடுமென வீரர் பலர் எண்ணலாயினர். அவ்வெண்ணத்தைத் திருத்தக் கருதி இருவகை வானொலிப் பேச்சுக்கள் ஆக்கப்பட்டன. ஒன்று, போர் நீடிக்கும் என்பதற்குரிய காரணங்களை மட்டும் கூறிற்று. மற்றையது, அக்காரணங்களோடு, போர் விரைவில் முடியும் என்போரின் காரணங்களையும் எடுத்துக்கூறிற்று. முன்னரே அக்கருத்துடன் உடன்பட்டிருந்தோரிடத்து ஒருபக்கப் பேச்சே மிகுதியும் பயன் விளைத்தது. உடன்படாதிருந்தோரிடத்தும், உயர்நிலைக் கல்வியை முடித்தோரிடத்தும் இருபக்கப் பேச்சே வென்றது. உடன்படாதவன் பேச்சைக் கேட்கும்போதே தன் மறுப்புக்களை உள்ளத்துள் அடுக்கிக்கொண்டிருக்கிறான். அவற்றைப் பேசுவோனே எடுத்துரைத்து மதிப்பளிக்கும்போது, அவனது உள்மறுப்புத் தணிகின்றது. தன் கருத்தை மறைத்து ஏமாற்ற முயல்கின்றனர் என்னும் ஐயமும் எழுவதில்லை.

தமிழறிஞர்க்கு இம்முறை புதியதன்று. அருணந்தி சிவாசாரியார் தம் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாகப் பகுத்து, பிறர் மதங்களை அவரவர் கூறுமாறே முதலில் எடுத்துரைத்து மறுத்த பின்னரே தம் மதத்தை நிறுவினார். எதிரியின் வழக்கை அவன் ஒப்புமாறு எடுத்துரைக்கத் தெரியாதவன் அதனை மறுத்தற்கும் உரியனல்லன் என்னும் தருக்கநெறி, ஹொவ்லண்டு படையினரிடத்துக் கண்ட முடிபோடு பொருந்துதல் காண்க.

இருபக்கப் பேச்சின் பயன் அன்றோடு முடிவதில்லை. ஒருபக்கத்தை மட்டும் கேட்டு இணங்கியவர், பின்னர் எதிர்ப்பிரசாரத்தைக் கேட்க நேரின் எளிதில் நிலைகுலைகின்றனர் என்பதையும், இருபக்கமும் கேட்டவர் உறுதியாய் நிற்கின்றனர் என்பதையும் லம்ஸ்டெயின், ஜானிஸ் என்னும் இருவர் 1953ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி காட்டியது. இதனை மேலும் வளர்த்தவர் வில்லியம் மக்குவயர் என்பவர். உணவுக்குப் பின் பல் துலக்குதல் நன்று என்பது போல, எவரும் மறுத்துக் கேட்டிராத பொதுநம்பிக்கைகளை அவர் தேர்ந்தெடுத்தார். இத்தகைய நம்பிக்கைகள் மலையெனத் தோன்றினும், முதன்முறையாக ஓர் எதிர்வாதத்தைக் கேட்டவுடன் வியக்கத்தக்க அளவிற்குத் தளர்ந்தன. அந்நம்பிக்கைக்கு ஆதரவான காரணங்களை முன்கூட்டியே கூறி வைத்தமை சிறிதளவே உதவிற்று. வலிமை குறைந்த எதிர்வாதங்களைக் காட்டி அவற்றை மறுத்துப் பழக்கியமையே நல்ல காப்பாக அமைந்தது. நோய்க்கிருமியை வலுக்குறைத்து உடலிற் செலுத்தி எதிர்ப்பாற்றலை வளர்க்கும் தடுப்பூசியோடு 1961ஆம் ஆண்டு தொடங்கி அவர் இதனை ஒப்பிட்டு விளக்கினார். காற்றும் வெயிலும் படாமல் வளர்க்கப்பட்ட நாற்று, வயலில் நட்ட அன்றே வாடுதல் போல்வது எதிர்க்கருத்தே கேளாமல் வளர்ந்த நம்பிக்கை.

அச்சத்தைக் கருவியாகக் கொள்ளுதல் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் பழக்கமான ஒன்று. அதன் பயனையும் ஆராய்ச்சியாளர் அளந்தறிந்தனர். 1953ஆம் ஆண்டு ஜானிஸ், பெஷ்பாக் என்போர் அமெரிக்க உயர்நிலைப் பாடசாலையொன்றின் மாணவர்க்குப் பற்சுகாதாரம் பற்றி மூவகைப் பேச்சுக்களை நிகழ்த்தினர். சொத்தைப் பல்லின் கொடுமைகளைப் படங்களோடு காட்டி மிகுதியாக அச்சுறுத்தியது ஒன்று; ஓரளவு அச்சுறுத்தியது மற்றொன்று; அச்சம் மிகக் குறைந்தது மூன்றாவது. அறிவுரைப்படி நடந்தோர் தொகையிற் காணப்பட்ட மாற்றம், முறையே நூற்றுக்கு 8, 22, 36 ஆக இருந்தது. மிகுந்த அச்சம் கேட்போனை அச்செய்தியினின்றும் மனந்திருப்பச் செய்கின்றது என இதற்கு விளக்கங் கூறப்பட்டது. பின்வந்த ஆராய்ச்சிகள் இம்முடிபைத் திருத்தின. அச்சமூட்டுதல் பலவிடத்தும் பயன் தருவதுண்டு. ஆனால் அச்சத்தினின்று மீளும் வழியும் உடன் காட்டப்படல் வேண்டும். லெவெந்தால் என்பாரும் பிறரும் 1965ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி இதற்குச் சான்றாகும். ஏற்புவலித் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்படி யேல் மாணவர் தூண்டப்பட்டனர். அச்சமும் அறிவுரையும் மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேரே ஊசி போட்டுக்கொண்டனர். மருத்துவ நிலையம் குறிக்கப்பட்ட படமொன்றைக் கொடுத்து, தம் வாராந்த நேரசூசியைப் பார்த்து எந்நாளில் எவ்வேளையிற் செல்லலாமெனத் தாமே எண்ணிக்கொள்ளுமாறு கேட்கப்பட்டவர்களுள் அத்தொகை ஏறத்தாழ 28 ஆயிற்று. அம்மாணவர் அனைவரும் இறுதியாண்டினர். நிலையம் இருக்குமிடம் அவர்கள் அறியாததன்று. போகும் நாளையும் வேளையையும் அவர்களே எண்ணித் துணிந்தமையே வேற்றுமைக்குக் காரணமாயிற்று.

ஒருவன் தானே சொல்லும் சொல்லின் வலிமையை நேராகவே ஆராய்ந்தவர்களும் உளர். ஜானிஸ், கிங் என்னும் இருவர் 1954ஆம், 1956ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட ஆராய்ச்சிகளின்படி, தமக்கு உடன்பாடில்லாத கருத்தொன்றைச் சொந்தச் சொற்களால் புனைந்து பேசும்படி கேட்கப்பட்டவர், எழுதி வைத்ததை உரக்க வாசித்தவரைக் காட்டிலும் அக்கருத்தின்பால் மிகுதியாகச் சாய்ந்தனர். 1959ஆம் ஆண்டு பெஸ்ரிங்கர், கால்ஸ்மித் என்போர் வெளியிட்ட பரிசோதனை இதனினும் பெயர் பெற்றது. மாணவர் ஒரு மணிநேரம் சலிப்பூட்டும் வேலையொன்றைச் செய்தபின், அவ்வேலை சுவையானதென அடுத்து வருவோருக்குக் கூறும்படி கேட்கப்பட்டனர். அங்ஙனம் கூறுவதற்குச் சிலர் 1 டொலரும், சிலர் 20 டொலரும் பெற்றனர். பின்னர் அவ்வேலையைப் பற்றி வினவியபோது, 1 டொலர் பெற்றோரே அதனை உண்மையில் இனியதென மதிப்பிட்டனர். பெருந்தொகை பெற்றோனுக்குத் தன் பொய்க்குக் காரணம் பணமெனத் தெரியும். சிறுதொகை பெற்றோன் தன் சொல்லுக்கும் எண்ணத்துக்கும் உள்ள முரணைத் தாங்கமாட்டாது எண்ணத்தையே மாற்றிக்கொள்கின்றான் என பெஸ்ரிங்கர் விளக்கினார்.

அவ்விளக்கம் இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயில்லை. பல நாடுகளிலுள்ள 39 ஆய்வுகூடங்கள் சேர்ந்து நடத்தி 2024ஆம் ஆண்டு வெளியிட்ட பெரும் பரிசோதனையிலே, மாணவர் தம் கருத்துக்கு மாறான கட்டுரை எழுதினர். தாமாக விரும்பி எழுதுவதாகக் கருதச் செய்யப்பட்டோர்க்கும், அங்ஙனம் கருதாதார்க்குமிடையே, கொள்கை எதிர்பார்த்த வேற்றுமை காணப்படவில்லை. ஆயினும் மாறான கட்டுரை எழுதிய இரு திறத்தாரும், தொடர்பில்லாத பொருள்பற்றி எழுதியோரைக் காட்டிலும் அக்கருத்தை நோக்கி நகர்ந்திருந்தனர். காரணம் யாதாயினும், எழுதிய கை மனத்தையும் உடன் இழுத்துச் செல்கின்றது என்பது மறுக்கப்படவில்லை.

அங்ஙனமாயின், மனிதன் எப்பொழுதும் சிந்தித்தே இணங்குகின்றானோ எனின், இல்லை. பெற்றி, கசியோப்போ, கோல்ட்மன் என்போர் 1981ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சி மாணவர்க்கு நன்கு விளங்கக்கூடியது. பட்டம் பெறுமுன் எல்லா மாணவரும் பொதுப் பரீட்சையொன்றிற் சித்தியடைதல் வேண்டுமென்னும் யோசனை பல்கலைக்கழக மாணவர் முன் வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அது நடைமுறைக்கு வருமெனச் சிலர்க்கும், பத்தாண்டின் பின்னரே வருமெனச் சிலர்க்கும் கூறப்பட்டது. தம்மைத் தொடும் என அறிந்தவர், கூறப்பட்ட காரணங்கள் வலியனவா மெலியனவா என நுணுகிப் பார்த்தனர். தம்மைத் தொடாதெனக் கருதியவர், கூறியவர் பெரியவரா சிறியவரா என்பதைப் பார்த்தே முடிவு செய்தனர். ஆகவே மனம் இணங்குவதற்கு இரு வழிகள் உள. ஒன்று சிந்தனையின் வழி. மற்றையது பெயர், புகழ், கூட்டம், அழகு முதலிய அடையாளங்களின் வழி. இரண்டாவது எளிதில் வருவது. எளிதிற் போவதும் அதுவே. விளம்பரகாரரும் மேடைப்பேச்சாளரும் பெரிதும் நாடுவது இதனையே.

முதல்வழியோ எப்பொழுதும் நன்மைக்கே பயன்படுவதெனக் கருதுதலும் தவறாகும். 1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரிலே, சீனர் நடத்திய முகாம்களில் அமெரிக்கக் கைதிகள் பலர் அடைக்கப்பட்டிருந்தனர். அங்குக் கையாளப்பட்ட முறைகளை உளவியலறிஞர் எட்கார் ஷைன் 1956ஆம் ஆண்டு விவரித்தார். பட்டினியும் தனிமையும் அச்சுறுத்தலும் அங்கு இருந்தன. அவற்றோடு, சிறிய ஒப்புதல்களைப் படிப்படியாகப் பெறுதல், குழுவாகக் கூடி விவாதிக்கச் செய்தல், கட்டுரைப் போட்டி வைத்துச் சிறு பரிசு வழங்குதல் என்பனவும் இருந்தன. இவற்றால் உண்மையாக மனம் மாறியோர் சிலரே. போர் ஓய்ந்தபின் தாயகம் திரும்ப மறுத்த அமெரிக்கர் 21 பேர் மட்டுமே. எனினும், குழுவிவாதமும் எழுத்துப்பயிற்சியும் ஆசிரியர் தம் வகுப்பறையிற் கையாளும் கருவிகளே என்பது எண்ணத்தக்கது. கருவி ஒன்றாயினும் பயன் வேறு. முகாமிலே கைதி சொல்லவேண்டிய விடை முன்னரே முடிவு செய்யப்பட்டிருந்தது. மாற்றுக் கருத்தைக் கேட்கும் வாயிலும் அடைக்கப்பட்டிருந்தது. இவ்விரண்டும் உள்ள இடத்தில், அது வகுப்பறையெனப் பெயர் பெற்றிருப்பினும், நிகழ்வது கல்வியன்று.

கருவி நன்கு பயன்பட்டமைக்கும் அண்மைக்காலச் சான்றுண்டு. புரூக்மன், கல்லா என்னும் இருவர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், அமெரிக்காவின் மயாமிப் பகுதியிலே தொண்டர்கள் வீடுவீடாகச் சென்று வாக்காளரோடு ஏறத்தாழ 10 நிமிடம் உரையாடினர். திருநர்பால் மக்கள் கொண்டிருந்த வெறுப்பைக் குறைத்தலே நோக்கம். தொண்டர்கள் நியாயங்களை அடுக்கவில்லை. தாம் வேறுபட்டவரெனப் பிறரால் இழிவாகக் கருதப்பட்ட வேளையொன்றை நினைவுகூருமாறு வீட்டாரைக் கேட்டு, அவர்கள் சொல்வதைச் செவிமடுத்தனர். விளைந்த மாற்றம் மூன்று திங்களின் பின்னரும் அளந்தறியத்தக்கதாய் நிலைத்திருந்தது. தம் வாழ்விலிருந்து தாமே எடுத்த சான்று, பிறர் கொண்டுவந்த சான்றினும் நெடிது நின்றது.

இவ்வாராய்ச்சிகள் கல்லூரிக்கு உணர்த்துவன சில உள. நீதியும் ஒழுக்கமும் பற்றிய சொற்பொழிவு மண்டபத்தில் அமைதியாகக் கேட்கப்பட்டமை கொண்டு அது மனத்திற் பதிந்ததெனக் கொள்ளலாகாது. மாணவன் எழுப்பும் மறுப்பை அடக்கிவிடும் ஆசிரியர், அம்மறுப்பை அவனது உள்ளத்துள்ளே தள்ளிவிடுகின்றார். அங்கு அதற்கு விடைகூறுவார் எவருமிலர். தன் மரபின் பெருமையை மட்டும் கேட்டுக் கல்லூரியை விட்டு நீங்கும் மாணவன், வெளியுலகில் முதன்முதற் கேட்கும் எதிர்வாதத்தின் முன் காப்பின்றி நிற்பான். விவாதமேடையிலே தனக்கு உடன்பாடில்லாத பக்கத்தையும் எடுத்துப் பேசிப் பழகியவனோ, இருபக்கத்தின் வலிமையையும் மெலிவையும் உணர்வான். மாதிரிவிடையை மனனஞ் செய்து எழுதும் பயிற்சி இதற்கு ஈடாகாது. தன் சொல்லால் எழுதப்படாத விடை, பரீட்சை மண்டபத்தோடு நின்றுவிடும்.

இவற்றோடு ஆசிரியர் ஏற்கவேண்டிய இடரும் ஒன்றுண்டு. மாணவனைத் தானே எண்ணவும் தானே சொல்லவும் விடுபவர், அவன் தமது முடிபுக்கு வாராது போகலாம் என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். லெவினின் பரிசோதனையில் கலந்துரையாடியவர்களிலும் நூற்றுக்கு 68 பேர் அவ்வுணவைச் சமைக்கவில்லை. அவர்களை எவரும் வற்புறுத்தவுமில்லை. மறுத்தற்கு உரிமையுள்ள இடத்திற் பெறப்பட்ட இணக்கமே நிலைக்கும் இணக்கம் என்பதை உணரும் ஆசிரியர், மாணவரின் மறுப்பைத் தம் தோல்வியெனக் கருதார்.